ஸ்கீ என்றால் முழங்கால், ஸ்னோபோர்டு என்றால் மணிக்கட்டு

ஒண்டாரியோவில் காலிங்வுட் ஊருக்குப் பக்கத்தில், ஜார்ஜியன் வளைகுடாவைப் பார்த்தபடி புளூ மவுண்டன் என்றொரு பனிச்சறுக்கு மலை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை சுமார் 220 மீட்டர் உயரம். ராக்கி மலைகளைப் பார்த்தவர்கள் இதை மேடு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் டொராண்டோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் என்பதால் குளிர்காலம் முழுக்கக் கூட்டம். ஸ்கார்பரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகின்றன. அந்த வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே எடுக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் அறை அமைதியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் நிரம்ப ஆரம்பிக்கும். கால் களைத்திருக்கும், வெயிலில் இளகிய பனி மறுபடி இறுகத் தொடங்கியிருக்கும், 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று மேலே போயிருப்பார்கள். டாக்டர் அனுப்பிய சீட்டைப் படிக்கும் முன்னாலேயே எந்த இடத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு காலில் கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ், மறுகாலில் வெறும் சாக்ஸ் என்று சக்கர நாற்காலியில் வந்தால் முழங்கால். மெத்தென்ற பூட்ஸோடு தானே நடந்து வந்து, ஒரு கையை மறுகையால் ஏந்திப் பிடித்திருந்தால் மணிக்கட்டு. விழுந்தது ஒரே மலையில், ஒரே பனியில். உடைவது மட்டும் வேறு வேறு இடம். காலில் மாட்டியிருப்பது ஸ்கீயா ஸ்னோபோர்டா என்பதுதான் அதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. வாடகைக் கடையில் வரிசையில் நிற்கும் நம் ஆட்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

ஸ்கீயிலிருந்து தொடங்குகிறேன், இதில் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிப் பலகை. ஒரு காலத்தில் ஸ்கீ ஆட்களுக்கு உடைந்தது முழங்கால் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் கணைக்கால் எலும்பு. கால் பலகையோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். நீளமான பலகை பனியில் சிக்கித் திரும்பினால் கூடவே எலும்பும் முறுக்கிக்கொண்டு உடையும். நார்வேயிலிருந்து அமெரிக்கா போன ஹ்யால்மார் வாம் என்ற ஸ்கீ வீரருக்கு 1937-ல் ஓரிகன் மாநிலத்தின் ஹூட் மலையில் கால் உடைந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது அவருக்குத் தோன்றியதுதான், விசை அளவு மீறினால் காலைத் தானே விட்டுவிடும் பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடி. அது மெல்ல மெல்லத் தேறி, இன்று மலைச்சரிவு ஸ்கீ கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. முன்பக்கத்துப் பிடி கால் பக்கவாட்டில் முறுகினால் விடும், குதிகால் பிடி உடம்பு முன்னால் சாய்ந்தால் விடும்.

வெர்மாண்ட் மாநிலத்தின் சுகர்புஷ் மலையில் ராபர்ட் ஜான்சன் என்ற எலும்பு மருத்துவரும் கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி என்ற இரு பொறியாளர்களும் 1972-ல் தொடங்கி, விழுந்து வந்தவர்களையும் அவர்களுடைய பைண்டிங்குகளையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். வருடங்கள் போகப்போகக் கணைக்கால் முறிவு பெருமளவு குறைந்துகொண்டே வந்தது. பெரிய வெற்றி. ஆனால் அதே சமயம் முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்து வருபவர்கள் கூடினார்கள். எலும்பைக் காப்பாற்றிய பைண்டிங்கால் ஜவ்வைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர்கள் கண்டுபிடித்த காரணம் எனக்கு இன்றும் வியப்புதான். சறுக்குபவர் பின்னால் சாய்கிறார், இடுப்பு முழங்காலுக்கும் கீழே இறங்குகிறது, பள்ளத்துப் பக்கக் காலின் பலகை பின்முனையில் உள்விளிம்பால் பனியைக் கடிக்கிறது. நம் பாதம் முன்னால்தான் நீண்டிருக்கிறது. ஆனால் ஸ்கீ குதிகாலுக்குப் பின்னாலும் ஒரு பெரிய நீளம் போகிறது. அந்தப் பின்நீளம், நமக்கு இல்லாத இன்னொரு பாதம் மாதிரி வேலை செய்து, மடங்கிய முழங்காலை உள்பக்கமாகத் திருகிவிடும். பைண்டிங்கோ கணைக்கால் எலும்பைக் காப்பாற்ற அமைத்தது. இந்த மாதிரித் திருகலில் ஜவ்வு அறும் அளவுக்கு விசை வந்தாலும் அது விட்டுக்கொடுக்காமல் இருந்துவிடலாம். வேகமே தேவையில்லை. கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில், பின்னால் உட்காரப் போய், விழாமல் எழப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் அறுந்துவிடும். 'டப்னு ஒரு சத்தம் கேட்டுச்சு' என்று சொல்பவர்கள் பலர் இப்படி விழுந்தவர்கள்.

இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த மூவரும் 1993-94 பருவத்தில் மலைக் காவலர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் விழுவதன் வீடியோக்களைப் போட்டுக் காட்டி, இந்த நிலையை எப்படி உணர்வது, என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் மோசமான முழங்கால் ஜவ்வுக் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. சொன்னது எளிய விஷயங்கள்: விழும்போது காலை விறைப்பாக நீட்டாதீர்கள், கைகளை முன்னால் வையுங்கள், சறுக்கி முடித்து நிற்கும் வரை எழுந்திருக்கப் பார்க்காதீர்கள். கடைசியாகச் சொன்னதை மட்டுமாவது பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். விழுகிறோம் என்று தெரிந்தால் விழுந்துவிட வேண்டும்.

ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனாலும் எக்ஸ்ரே சில சமயம் காட்டிக்கொடுக்கும். கணைக்கால் எலும்பின் மேல் ஓரத்தில், வெளிப்பக்கம், அரிசி மணி அளவுக்கு ஒரு எலும்புத் துணுக்கு பிய்ந்து நிற்கும். அது இருந்தால் உள்ளே ஏ.சி.எல். அநேகமாக அறுந்திருக்கும். பால் செகோன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதை எழுதியது 1879-ல். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததே 1895-ல்தான். இறந்தவர்களின் முழங்கால்களைத் திருகிப் பார்த்து அந்த மனிதர் கண்டது இன்று என் திரையில் தெரிகிறது.

இன்னொன்று, நோயாளியைப் படுக்க வைத்து முழங்காலைப் பக்கவாட்டில் எடுக்கும் படம். மூட்டுக்குள் எலும்பு உடைந்திருந்தால் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு ரத்தத்தோடு கசிந்து வரும். கொழுப்பு மேலே மிதக்கும், ரத்தம் கீழே தங்கும், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை. உடைவு கண்ணுக்குப் படாவிட்டாலும் அந்தக் கோடு தெரிந்தால் எங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் எவ்வளவு வலித்தாலும் காலை அசைக்காமல் ஐந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்கிறோம்.

ஸ்கீ ஆட்களிடம் இன்னொரு காயம், கட்டைவிரல். ஊன்றுகோலைப் பிடித்தபடி கையை ஊன்றி விழுந்தால், கோல் கட்டைவிரலை வெளியே தள்ளும். விரலின் அடியில் உள்பக்க ஜவ்வு கிழியும். ஸ்காட்லாந்தில் முயல்களின் கழுத்தைக் கையால் முறித்துக் கொல்லும் வேட்டைக் காவலர்களுக்கு இதே காயம் வருடக்கணக்கில் சேர்ந்து வந்ததை 1955-ல் எழுதியிருக்கிறார்கள். விரல் வீக்கம் தானே என்று விடக் கூடாது. சில சமயம் கிழிந்த முனை பக்கத்துத் தசைநாருக்கு வெளியே புரண்டு நின்றுவிடும், அறுவை செய்யாமல் ஒட்டாது. கவனிக்காமல் விட்டால் சாவி திருப்பக்கூட விரலில் பிடிமானம் இருக்காது. விழும்போது கோலை விட்டுவிடுங்கள்.

சரி, ஸ்னோபோர்டு. இரண்டு காலும் ஒரே பலகையில், பக்கவாட்டாக, பூட்டியே இருக்கும். இதில் தானாக விடும் பைண்டிங் கிடையாது. இரண்டு காலும் சேர்ந்தே திரும்புவதால் முழங்கால் பெரும்பாலும் தப்பிக்கிறது. மலை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டிலிருந்து இறங்கும்போது ஒரு காலைக் கழற்றி வைத்திருப்பார்களே, அந்தச் சில நொடிகள் மட்டும் ஸ்கீ மாதிரியே ஆபத்து. ஆனால் பலகையின் தப்பான விளிம்பு பனியில் மாட்டினால், கால் எடுத்து வைத்துச் சமாளிக்க வழியே இல்லை. அப்படியே முன்னாலோ பின்னாலோ அடிப்பதுதான். கை தானாக நீளும். உடம்பின் முழு எடையும் விரித்த உள்ளங்கையில்.

முதல் நாள் கற்றுக்கொள்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஒண்டாரியோவில் மழையும் உறைபனியும் மாறி மாறி வரும். ஆரம்பநிலைச் சரிவு பல நாள் கண்ணாடி போல இறுகிக் கிடக்கும். ஃபேமிலி டே விடுமுறை வரும் பிப்ரவரி வார இறுதியில் நான் எடுக்கும் மணிக்கட்டுப் படங்களில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுடையவை.

அந்த வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அது படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். பெற்றோர் அதைப் பார்த்தே உடைந்துவிட்டது என்று பதறுவார்கள். உண்மையில் உடைவு அந்தத் தட்டு வழியாகப் போகிறதா, எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். அதை ஐந்து வகையாகப் பிரித்தவர்கள் சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரண்டு டொராண்டோ மருத்துவர்கள், 1963-ல். உலகமெங்கும் இன்றும் அந்த வகைப்படுத்தல்தான். ஒருமுறை ஒரு அம்மா, 'எலும்பு முறியேல்லைத்தானே அண்ணா?' என்று என்னைத் தமிழில் கேட்டார். படத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டரின் வேலை, நான் சொல்லக் கூடாது. எங்கள் மொழியில் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம். 'டாக்டர் இப்பவே பாத்துடுவார்மா, பத்து நிமிஷம்' என்றேன்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்தில் ஸ்கேஃபாய்டு என்றொரு சின்ன எலும்பு உண்டு. அது உடைந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு. விட்டுவிட்டால் ஒட்டாமலே போய்விடலாம். அதனால் படம் சுத்தமாக இருந்தும் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். தயவுசெய்து வாருங்கள். வலி குறைந்துவிட்டது என்று வராமல் இருந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் மணிக்கட்டுக்குக் காப்பு இருக்கிறது. நார்வேயில் ஐயாயிரம் ஸ்னோபோர்டு ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மணிக்கட்டுக் காப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. காப்பு போட்டவர்களில் 8 பேருக்கு மணிக்கட்டுக் காயம், போடாதவர்களில் 29 பேருக்கு. ஹெல்மெட்டை எல்லோரும் வாங்குகிறார்கள், இதை வாங்குபவர்கள் அபூர்வம். முதல் நாள் போகும் பிள்ளைக்கு ஸ்டைலான கண்ணாடியைவிட இது அவசியம் என்று அடித்துச் சொல்வேன்.

கணுக்காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் தவறிப்போகிறது. ஸ்னோபோர்டு பூட்ஸ் மெத்தென்று இருப்பதால் கணுக்கால் உள்ளே மடங்கும். குதித்து இறங்கும்போது பாதம் மேல்நோக்கி நெரிந்து, கணுக்காலுக்குள் இருக்கும் டேலஸ் எலும்பின் வெளிப்பக்க முனை உடையலாம். வலியும் வீக்கமும் வெளிக்கணுவுக்குச் சற்று முன்னே, கீழே இருக்கும். சாதாரணச் சுளுக்கும் அங்கேதான் வலிக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் உடைவு மறைந்துகொள்ளும். ஸ்னோபோர்டில் விழுந்த கணுக்கால் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், விழுந்தது ஸ்னோபோர்டில் என்பதைக் குடும்ப டாக்டரிடம் மறக்காமல் சொல்லி, சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

தலையைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கியூபெக்கின் மோன் ட்ராம்ப்ளானில் விழுந்தது ஆரம்பநிலைச் சரிவில். ஹெல்மெட் இல்லை. விழுந்தவுடன் நன்றாகவே பேசினார், உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்து, இரண்டு நாளில் இறந்துபோனார். பின்மண்டை அடிபட்டு, தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், தூக்கமாக இருக்கிறது என்று சொன்னால் காத்திருக்கக் கூடாது. ஹெல்மெட் எல்லாவற்றையும் தடுக்காது. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013-ல் பிரான்ஸின் மெரிபெலில் பாறையில் மோதியபோது ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார். ஆனாலும் 2006-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காயம் படும் வாய்ப்பு 60 சதவீதம் குறைவாக இருந்தது.

பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. ஆயிரம் பேர் ஒரு நாள் சறுக்கினால் இரண்டு மூன்று பேருக்குத்தான் காயம். என் மகளும் போகிறாள், நானே கொண்டுபோய் விடுகிறேன்.

கடைசியாக வாடகைப் படிவம். அதில் எடை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்பார்கள். பூட்ஸின் அடிநீளத்தோடு இவற்றைச் சேர்த்துத்தான் பைண்டிங் எத்தனை விசையில் விட வேண்டும் என்ற எண்ணைத் திருகி வைக்கிறார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்து எழுதினால், தேவையில்லாத நேரத்தில் கழன்று விழ வைக்கும். 'நல்லாத் தெரியும்' என்று பெருமைக்கு எழுதினால், கழல வேண்டிய நேரத்தில் கழலாது. ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் பத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் எண்ணைக் குறைத்து வைக்க வேண்டும் என்பதால் வயதும் சரியாக இருக்கட்டும். பள்ளிச் சுற்றுலாவுக்கு இந்தப் படிவம் பல வாரங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். போன வருடத்து எடையை ஞாபகத்திலிருந்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். பிள்ளையை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.