பேய் படத்துக்கு ரெண்டாம் பாகத்த விட ரீமேக் தான் மேல்

ஹாரர் படம் விரும்பி பாக்குறவங்ககிட்ட ரீமேக்னு சொல்லிப் பாருங்க, உடனே ஒரு சலிப்பு வரும். கற்பனை வறட்சி, பழைய பேர வச்சு காசு பாக்குறாங்க, ஒரிஜினல கெடுத்துட்டாங்க, இதான் பதில். அதே ஆளுங்க ரெண்டாம் பாகம் வருதுன்னா சந்தோஷமா காத்திருப்பாங்க. நான் இதுக்கு நேர் எதிர் கட்சி. பேய் படத்த பொறுத்தவரைக்கும் சீக்வல விட ரீமேக்குக்கு தான் மதிப்பு அதிகம்னு உறுதியா நம்புறேன், இது வெறும் ரசனை விஷயம் கூட இல்ல, பயம்ங்கறது நமக்குள்ள எப்படி உருவாகுதுங்கற விஷயம்.

ஒரு ஆக்‌ஷன் படத்துக்கு ரெண்டாம் பாகம் எடுத்தா, ஹீரோவ நமக்கு ஏற்கனவே தெரியும்ங்கறது பலம். பேய் படத்துல அதுவே பலவீனம். மொத படத்துல அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம தான் பயந்தோம், கடைசில பாத்தும் முடிச்சிட்டோம். மறுபடி அதே கதவ காட்டி பயமுறுத்த முடியாது. அதனால டைரக்டருக்கு மிஞ்சறது ரெண்டு வழி, இன்னும் பெருசா காட்டணும், இல்லன்னா ஏன் எதுக்குன்னு விளக்கணும். பெருசா காட்டினா சத்தம் தான் கூடுது. விளக்க ஆரம்பிச்சா பேய்க்கு அப்பா அம்மா, சின்ன வயசு சோகம், ஒரு ஃபிளாஷ்பேக் எல்லாம் வந்துடுது, அதுக்கப்புறம் அது மேல பரிதாபம் வருமே தவிர பயம் வராது. ரீமேக்குக்கு இந்தச் சிக்கல் இல்ல. அது கதவ மறுபடி சாத்திட்டு, உள்ள வேற ஏதோ ஒன்ன வைக்கலாம்.

இதுக்கு எனக்கு தெரிஞ்ச நல்ல உதாரணம் ஜான் கார்பென்டரோட 'தி திங்'. 1982ல வந்தது. நெறைய பேருக்கு அது ரீமேக்குன்னே தெரியாது. ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938ல எழுதின ஒரு குறுநாவல வச்சு 1951லயே 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்'னு ஒரு படம் வந்துச்சு. அதுல பனிப்பிரதேசத்துல ஒரு வேற்றுக்கிரக ஜந்து, உயரமா மனுஷன் மாதிரி இருக்கும், உள்ள இருக்குறவங்க, ஒரு விஞ்ஞானிய தவிர, எல்லாரும் ஒத்துமையா சேந்து அத எதிர்ப்பாங்க. எதிரி வெளிய, நாம எல்லாரும் உள்ள, பனிப்போர் காலத்துக்குப் பொருத்தமான பயம் அது. கார்பென்டருக்கு அந்தப் படம் எவ்ளோ பிடிக்கும்னா, 1978ல அவர் எடுத்த 'ஹாலோவீன்'ல பசங்க டிவில பாத்துட்டு இருக்கறதே அந்தப் படம் தான். அவ்ளோ பிடிச்ச படத்த அவர் அப்படியே எடுக்கல, குறுநாவலுக்கே திரும்பிப் போனார். அதுல அந்த ஜந்து யார் உருவத்த வேணா எடுத்துக்கும். அவ்ளோ தான், பயம் மொத்தமா இடம் மாறிடுச்சு. எதிரி வெளிய இல்ல, பக்கத்துல உக்காந்திருக்கான், ஒருவேளை அவன் எதிரியே இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்த சூடான கம்பியால தொட்டு சோதிக்கிற அந்த சீன்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குற விதம் இருக்கே, 1951 படத்துல அப்படி ஒரு சீனுக்கு இடமே கிடையாது.

அதே பேர்ல 2011ல ஒரு படம் வந்துச்சு, அது ப்ரீக்வல், அதாவது கார்பென்டர் படத்துக்கு முந்தி நார்வேக்காரங்க கேம்ப்ல என்ன நடந்துச்சுன்னு சொல்ற கதை. 1982 படத்துல அந்த கேம்ப்ப எரிஞ்சு போன நிலையில தான் பாப்போம், ரெண்டு மூஞ்சி ஒண்ணா ஒட்டின ஒரு பொணம், குடைஞ்சு எடுத்த ஒரு பனிக்கட்டி, கதவுல குத்தி நிக்கிற ஒரு கோடாலி. யாரும் எதையும் விளக்க மாட்டாங்க, நம்ம மனசு தானா ஒரு பயங்கரத்த கட்டிக்கும். 2011 படம் வந்து பொறுமையா ஒவ்வொண்ணா, இந்தக் கோடாலி இப்படி வந்துச்சு, இந்தப் பொணம் இப்படி ஆச்சுன்னு கணக்கு முடிச்சு வைக்குது. இதுல மனசுக்கு கஷ்டமான விஷயம், அந்தப் படத்துக்காக கையால செஞ்ச மாடல் எஃபெக்ட்ஸ்ல பெரும்பகுதிய கடைசில கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் போட்டு மறைச்சிட்டாங்க. கதையிலயும் அதே தான் நடந்துச்சு, நாம கற்பனை பண்ண வேண்டிய இடத்த எல்லாம் மூடிட்டாங்க.

'தி ஃப்ளை' கதையும் இப்படித்தான். 1958 படத்துல விஞ்ஞானியோட தலையும் கையும் ஈயோட ஒரே நொடியில மாறிப் போயிடும், அவர் துணியால தலைய மூடிட்டே சுத்துவார், துணிய எப்ப எடுப்பாங்கங்கறது தான் சஸ்பென்ஸ். 1986ல டேவிட் க்ரோனென்பெர்க் அத ரீமேக் பண்ணும்போது முக்கியமா ஒரு விஷயத்த மாத்தினார், அந்த உருமாற்றத்த மெதுவாக்கினார். மொதல்ல உடம்புல தெம்பு கூடுது, அப்புறம் தோல் கெடுது, நகம் கழண்டு வருது, விஞ்ஞானியா நடிச்ச ஜெஃப் கோல்ட்ப்ளம் தன்னோட உடம்பு தன்ன விட்டுப் போறத தானே கவனிச்சிட்டு இருக்கார், அவர காதலிக்கிற பொண்ணு பக்கத்துல நின்னு அத பாக்கணும். அப்போ பாத்தவங்க நெறைய பேர் எய்ட்ஸ நெனச்சாங்க, க்ரோனென்பெர்க் பொதுவா நோயையும் முதுமையையும் பத்தினதுன்னு சொன்னார். எப்படி பாத்தாலும் அது ஈ பத்தின படம் இல்ல. நோயாளிய கிட்ட இருந்து பாத்த யாருக்கும் அந்தப் படம் சும்மா ஒரு பேய் படமா தெரியாது. இப்ப சீக்வல் பக்கம் வாங்க. 1958 படத்துக்கு 1959ல ஒரு சீக்வல், விஞ்ஞானியோட பையன் கதை. 1986 படத்துக்கு 1989ல ஒரு சீக்வல், அதுவும் விஞ்ஞானியோட பையன் கதை! முப்பது வருஷ இடைவெளி, வேற வேற ஆளுங்க, ரெண்டு பேருக்கும் தோணினது அதே பையன் தான். சொல்ல வேண்டியத மொத படம் சொல்லி முடிச்சிடுச்சு, கதைய எங்கயாவது நீட்டியே ஆகணும்னா பையன் கிட்ட தான் போகணும்.

நம்ம பக்கமே இதுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கு. 1993ல ஃபாசில் எடுத்த 'மணிச்சித்ரத்தாழ்'. அது கன்னடத்துல 2004ல 'ஆப்தமித்ரா', தமிழ்ல 2005ல 'சந்திரமுகி', இந்தியில 2007ல 'பூல் புலையா'ன்னு வரிசையா போச்சு. ஒவ்வொண்ணும் அந்தந்த ஸ்டாருக்கு ஏத்த மாதிரி வளைஞ்சுது, சிலது நல்லா இருந்துச்சு, சிலது அவ்ளோ இல்ல, மலையாளத்துல ஷோபனா கண்ணுல இருந்தது மத்ததுல எனக்கு கிடைக்கல. ஆனா எல்லாமே ஒரு விஷயத்த விடாம பிடிச்சிருந்துச்சு: பேய்னு ஒண்ணு இல்ல, ஒரு பொண்ணோட மனசு தான் அப்படி உடைஞ்சு கெடக்கு. அந்தக் கதையோட உயிரே அது தான். இப்ப சீக்வல் வருது. 'பூல் புலையா 2' 2022ல, 'சந்திரமுகி 2' 2023ல. ரெண்டுலயும் பேய் நிஜம். யோசிச்சு பாருங்க, மொத படம் ரெண்டரை மணி நேரம் கஷ்டப்பட்டு பேய் இல்லன்னு புரிய வச்சுது, ரெண்டாம் பாகம் எடுக்கணும்ங்கற ஒரே காரணத்துக்காக அந்தப் பேய உண்மையாவே எழுப்பி விட்டாங்க. ஏன்னா மனசு சரியாகி குணமான பொண்ண வச்சு மறுபடி பயமுறுத்த முடியாது. மொழி மாறி மாறி போன ரீமேக் எதுவும் கதைய உடைக்கல, சீக்வல் உடைச்சிடுச்சு.

ஜப்பான்ல இத விட விசித்திரமா ஒண்ணு நடந்துச்சு. 1998 ஜனவரில 'ரிங்கு'வும் அதோட சீக்வலான 'ராசென்'னும் ஒரே நாள்ல ரிலீஸ் ஆச்சு, ஆமா, ஒரே நாள்ல, மொத பாகமும் ரெண்டாம் பாகமும். 'ரிங்கு' பெரிய ஹிட், 'ராசென்' காணாமயே போயிடுச்சு. 'ராசென்' என்ன பண்ணுச்சுன்னா, ஒரு வீடியோ டேப்ப பாத்தவங்கள கொல்ற அந்தச் சாபத்த வைரஸ் மாதிரி மருத்துவ ரீதியா விளக்குச்சு. ஒரே நாள், ஒரே மூலக்கதை வரிசை, ஒண்ணு விளக்காம விட்டுச்சு, இன்னொண்ணு விளக்குச்சு, ஜனங்க எத எடுத்துக்கிட்டாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. அடுத்த வருஷமே 'ராசென்'ன இல்லாத மாதிரி வச்சுட்டு 'ரிங்கு 2' எடுத்தாங்க. ஆனா அமெரிக்காவுல 2002ல கோர் வெர்பின்ஸ்கி பண்ண ரீமேக், அந்த வெளிறிப் போன பச்சை கலந்த வெளிச்சத்தோட, தனியா நிக்குது. அந்த ரீமேக்குக்கு 2005ல வந்த சீக்வல எடுத்தது யார் தெரியுமா, ஜப்பான் ஒரிஜினல எடுத்த ஹிடியோ நகாதாவே தான். அவராலயே காப்பாத்த முடியல.

சரி, எனக்கு எதிரா பேசுறவங்க உடனே கையில எடுக்கற ஆயுதம் 'சைக்கோ'. நியாயமான ஆயுதம், அத ஒதுக்கிட்டு போக எனக்கு மனசில்ல. 1960 ஹிட்ச்காக் படத்துக்கு 1983ல ரிச்சர்ட் ஃப்ராங்க்ளின் எடுத்த 'சைக்கோ 2' நெஜமாவே நல்ல படம். 1998ல கஸ் வான் சான்ட் பண்ண ரீமேக், அதே திரைக்கதை, கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அதே, கலர்ல. அது ஏன் தோத்துச்சுன்னா அது கதவ சாத்தவே இல்ல, ஏற்கனவே தெறந்த கதவ அப்படியே படம் புடிச்சுது. ரீமேக்னா மறுபடி எடுக்கறதுன்னு நெனச்சா அது தான் கதி, மறுபடி யோசிக்கணும். 'சைக்கோ 2' ஜெயிச்சதுக்கு காரணம் அது பயத்த தொடராம ஆள தொடர்ந்துச்சு. 22 வருஷம் மனநல மருத்துவமனைல இருந்துட்டு மொத படத்து கொலைகாரன் நார்மன் பேட்ஸ் வெளிய வரான், நடிச்சது அதே ஆண்டனி பெர்க்கின்ஸே தான், இப்ப வயசாயிடுச்சு, அவன் திருந்தி வாழ நெனைக்கிறான், மத்தவங்க விட மாட்டேங்குறாங்க. மொத படத்துல நாம யார பாத்து பயந்தோமோ அவனுக்காக இதுல பயப்படுறோம். இந்த மாதிரி தலைகீழா பொரட்டிப் போடுற சீக்வல் வந்தா நான் மறுப்பே சொல்ல மாட்டேன், ஆனா அது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். நல்ல சீக்வல்னு எல்லாரும் சொல்ற படங்கள கிட்ட போய் பாத்தா அதுல பாதி மறைமுக ரீமேக் தான். 1987ல வந்த 'ஈவில் டெட் 2'வோட ஆரம்பத்துல மொத படத்தோட கதைய ஆட்கள குறைச்சு, மாத்தி மறுபடி புதுசா எடுத்திருப்பாங்க, ஏன்னா பழைய காட்சிகள பயன்படுத்த உரிமை கிடைக்கல. அந்தக் கட்டாயத்துல தான் சாம் ரைமி தன்னோட படத்தயே வேற மனநிலைல திரும்ப சொன்னார், அதான் அது இன்னைக்கும் நிக்குது. ஜார்ஜ் ரொமேரோ தன்னோட 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டுக்கு சீக்வலா 1978ல எடுத்த 'டான் ஆஃப் தி டெட்'ல மொத படத்து கேரக்டர் ஒருத்தர் கூட கிடையாது. புது ஆளுங்க, புது இடம், ஒரு ஷாப்பிங் மால், பழைய நியாபகத்துல அங்கயே சுத்திட்டு இருக்குற பொணங்க. அவரோட 1968 மொத படத்துக்கு 1990ல டாம் சவினி பண்ண ரீமேக்குக்கு ரொமேரோவே திரைக்கதை எழுதினார், பழைய படத்துல பாதி நேரம் பேச்சு மூச்சில்லாம கெடந்த பார்பராங்கற பொண்ண இதுல துப்பாக்கி எடுத்து நிக்க வச்சார். தன்னோட படத்துல தனக்கு உறுத்தின ஒண்ண இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் திருத்திக்கறதுக்கு ரீமேக் தான் இடம் கொடுத்துச்சு. சீக்வல்ல அத பண்ண முடியாது, நடந்தது நடந்தது தான்.

ரீமேக்ல இருக்குற உண்மையான பிரச்சனை, தப்பான படத்த தேர்ந்தெடுக்கறது. ஏற்கனவே ஒரு குறையும் இல்லாத படத்த, அதுவும் வந்து ரெண்டே வருஷத்துல எடுப்பாங்க. ஸ்வீடன்ல 2008ல வந்த 'லெட் தி ரைட் ஒன் இன்'ன 2010ல 'லெட் மீ இன்'னு எடுத்தாங்க, ஒழுங்கா தான் எடுத்தாங்க, ஆனா எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. யோசனை அபாரமா இருந்து படம் அந்த அளவுக்கு வராம போனதுகள தேடி எடுக்கணும். 'தி ஃப்ளை' அப்படி எடுத்தது தான்.

என்னக் கேட்டா உடனே எடுக்க வேண்டியது 1982ல டாமி லீ வாலஸ் எடுத்த 'ஹாலோவீன் 3'. தயாரிப்பாளர்களான கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் வருஷா வருஷம் ஹாலோவீன வச்சு வேற வேற கதை சொல்லலாம்னு ஆசப்பட்டாங்க, அதனால மொத ரெண்டு பாகத்துலயும் கத்தியோட வந்த கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் அதுல கெடையாது. முகமூடி செய்யற ஒரு கம்பெனி, டிவில ஓயாம ஓடற ஒரு விளம்பரப் பாட்டு, அந்த விளம்பரம் ஓடும்போது முகமூடி போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்திருக்குற கொழந்தைங்க, அந்த முகமூடியே அவங்கள கொன்னுடும். அவ்ளோ கொடூரமான, அவ்ளோ புத்திசாலித்தனமான யோசனை. ஆனா மூணாம் பாகம்னு பேர் வச்சதால கத்தி புடிச்ச ஆள எதிர்பாத்து போனவங்க கோவப்பட்டாங்க, 1988ல நாலாம் பாகத்துல மைக்கேல திரும்ப கூட்டிட்டு வந்துட்டாங்க. அந்தப் படத்துக்கு விழுந்த அடி கதையால விழல, தலைப்புல இருந்த அந்த 3ஆல விழுந்துச்சு. இப்ப டிவிக்கு பதிலா ஒவ்வொரு கொழந்தை கையிலயும் ஒரு ஸ்க்ரீன் இருக்கு. அந்த 3ங்கற நம்பர எடுத்துட்டு, பேர மாத்திட்டு, யாராவது அத திரும்ப எடுங்க, மொத ஆளா நான் வந்து உக்காருறேன்.