கொல்லை மூலை

மண்வள அட்டையில் மொத்தம் 12 சங்கதி பார்க்கிறார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று ஆரம்பித்து துத்தநாகம், இரும்பு, தாமிரம், போரான் வரைக்கும். போன ஐப்பசியில் எங்கள் கொல்லை மண்ணுக்கு வந்த அட்டையில் எல்லாம் கொடைக்கானல் மண்ணுக்கு உள்ளபடிதான் இருந்தது, புளிப்பு மண் என்பது உட்பட. தாமிரம் மட்டும் எங்கேயோ போய் நின்றது.

"ஐயா, போர்டோ கலவை ரொம்ப அடிச்சீங்களோ?" என்று அட்டை கொண்டுவந்த பெண் கேட்டாள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிற மருந்து, மயில்துத்தத்தில் தாமிரம் உண்டு. நியாயமான கேள்வி. "ஆமாம்மா, கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். பொய். எங்கள் இருபது சென்ட்டில் நான் ஒருநாளும் அதை அடித்ததில்லை. தாமிரம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டு முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாயுடுபுரத்தில் 31 வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் கொல்லை. தேறாத செட்டை யாரும் திரும்ப எடுத்துப்போக மாட்டார்கள். "நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 2006இல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. சில வருஷம் கழித்து அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக என் கடைக்கு வர ஆரம்பித்தன. அப்புறம் எல்இடி வந்தது. ஒரே வருஷத்தில் கொல்லை மூலை பிக்சர் டியூப் மயமாகிவிட்டது.

டியூபின் கழுத்தை ஒடித்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். அதற்குப் பிறகு பயமில்லை. கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளை, அதாவது யோக்கைக் கழற்றினால் செம்புக் கம்பி கிடைக்கும். வத்தலகுண்டிலிருந்து மாதம் ஒருமுறை வரும் காயலாங்கடைக்காரருக்கு அதுதான் வேண்டும். பழைய ஒயரையும் எடுப்பார், ஆனால் மேலே ரப்பர் இருந்தால் ஒரு விலை, வெறும் செம்பாக இருந்தால் வேறு விலை. அதனால் தார் டின்னில் போட்டுக் கொளுத்துவேன். மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றினால் போதும். நெருப்பு பச்சையாக எரியும், நீலம் கலந்த பச்சை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியில் சாய்ந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். தீபாவளி மத்தாப்பு மாதிரி என்று நானே ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை. அந்தப் பச்சை, செம்பும் பிளாஸ்டிக்கில் உள்ள குளோரினும் சேர்ந்து எரிகிற நிறம். அந்தப் புகையில் டையாக்ஸின் என்கிற கொடிய நஞ்சு இருக்கும். சாம்பலைத் தூற்றிச் செம்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே கொட்டிவிடுவேன். கழித்துப்போட்ட சர்க்யூட் போர்டுகளும் அதே மூலையில்தான். எத்தனையோ வருஷ மழை அதன் மேல் பெய்திருக்கிறது.

இதில் ஒரு வார்த்தை வேறு நம்மை ஏமாற்றுகிறது. ஈயம் என்றால் நமக்கு ஈயச்சொம்பில் வைக்கும் ரசம்தான் ஞாபகம் வரும். அது வெள்ளீயம். போர்டில் பற்றவைக்கும் ஈயத்தில் நூற்றுக்கு அறுபது அந்த வெள்ளீயம், நாற்பது காரீயம், அதுதான் விஷம். இரண்டுக்கும் பட்டறையில் ஒரே பெயர். பற்றவைத்த கையோடு நான் எத்தனை பஜ்ஜி தின்றிருப்பேன்! டியூபின் பின்பக்கம் புனல் மாதிரி இருக்கிறதே, அந்தக் கண்ணாடியின் எடையிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காரீய ஆக்சைடு. எக்ஸ்ரே வெளியே வராமல் இருக்கச் சேர்த்தது. எங்கள் மண்ணோ புளிப்பு. புளிப்பு மண்ணில் காரீயம் சும்மா கிடக்காது, கரைந்து வேருக்குப் போகும்.

2001இல் எங்கள் ஊர் மூஞ்சிக்கல் காயலாங்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டபோது ஊரே கொதித்தது. அதை வெளியே தள்ளிய ஹிந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையை மூடினார்கள். 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. அந்தச் சமயம் ஊர்வலத்தில் நானும் நடந்தேன், கோஷ அட்டை பிடித்துக்கொண்டு. சோலையில் இறங்கிய பாதரசத்தைப் பற்றி டீக்கடையில் நான் பேசாத பேச்சில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து அதே கையால் தார் டின்னைப் பற்றவைத்தேன். ஆலை என்றால் குற்றம், கொல்லை என்றால் பிழைப்பு. அப்படித்தான் புத்தி வேலை செய்தது.

மண்வள அட்டையில் காரீயத்துக்குக் கட்டம் கிடையாது. தனியாகக் காசு கட்டி ஓர் ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னேன். பூண்டுப் பாத்தி மண்ணை விட மூலை மண்ணில் ஒன்பது மடங்கு. பாத்தி மேட்டில், மூலை பள்ளத்தில் இருந்ததால் பூண்டு தப்பித்தது, என் சாமர்த்தியத்தால் இல்லை. ஆனால் மூலையை ஒட்டித்தான் மனைவி முள்ளங்கியும் மல்லித்தழையும் போட்டிருந்தாள். பேரப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அங்கேதான் மண்ணளைவார்கள். பெரியவர்களை விடக் குழந்தைகள் உடம்பு காரீயத்தை நாலைந்து மடங்கு இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

முள்ளங்கியைப் பிடுங்கி எறிந்தோம். "ஏங்க, இத்தனை வருஷம் தின்னோமே?" என்று ஒருமுறைதான் கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. சுண்ணாம்பு போட்டேன், அதனால் புளிப்பு குறையும், காரீயமும் கொஞ்சம் அடங்கும். அந்தப் பாத்தியில் இப்போது செவ்வந்தி.

மேல்மண்ணை மட்டும் முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, ஒரு சாண் ஆழத்துக்கு வாரினேன். சிமென்ட் சாக்கில் 11 மூட்டை. தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நகராட்சிக் குப்பையில் போட்டால் வேறு யாரோ ஒருவருடைய கொல்லைக்குத்தான் போகும். மின்கழிவை முறையாக எடுக்கிறவர்களுக்குப் போன் செய்தேன். போர்டு, செட்டு என்றால் எடுப்பார்களாம், மண் எடுக்க மாட்டார்களாம்.

நேற்று வத்தலகுண்டுக்காரர் பேசினார். "அண்ணே, செம்பு விலை நல்லா ஏறிக்கிடக்கு. பழைய ஒயர் ஏதாச்சும் கெடக்கா?"

ஒரு மூட்டை கிடக்கிறது. ரப்பரோடு இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் எங்கே உரிப்பீர்கள் என்று கேட்டேன்.

"உரிக்கிறதா?" என்று சிரித்தார்.