பழைய மாருதி 800: பிரேக் ஆயில் இறங்கினால் ஊற்றும் முன் தேடுங்கள்

பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால் பலரும் முதலில் செய்வது பாட்டிலைத் திறந்து மேல் கோடு வரை ஊற்றுவது. அதைத்தான் செய்யக் கூடாது. பிரேக் ஆயில் ஓடுவது மூடிய அமைப்பில். எஞ்சின் ஆயில் மாதிரி ஓட ஓடக் குறையாது. மட்டம் இறங்க இரண்டே காரணம்தான். முன்சக்கர பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் உரசுபட்டை) தேய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் எங்கோ கசிய வேண்டும்.

அதனால் முதலில் பேட். தேய்மானத்துக்கு ஏற்ப மெல்ல இறங்கி, கீழ்க்கோட்டுக்கு மேலேயே நிற்கிறது என்றால் ஊற்றவே தேவையில்லை. ஊற்றிவிட்டுப் பிறகு புது பேட் போட்டால், பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

நாங்கள் பார்த்த வண்டியில் பேட் நன்றாகவே இருந்தது. ஆகவே கசிவுதான். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது), பைப் இணைப்புகள், முன்சக்கர ரப்பர் ஹோஸ் எல்லாம் காய்ந்தே இருந்தன. இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் மட்டும் ஈரம். டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசிமூடியை விரலால் விலக்கியதும் ஆயில் வடிந்தது. மூடிக்குள் லேசான கசிவு இருந்தாலும் அந்தச் சிலிண்டர் போய்விட்டது என்றே அர்த்தம்.

சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் மட்டும் மாற்றலாமே என்பார்கள். உள்சுவரில் துருக்குழி இருந்தால் புது கப் அதே இடத்தில் உரசிச் சீக்கிரமே மறுபடி கசியும். முழு சிலிண்டரையே, இரண்டு பக்கமும், மாற்றுவதுதான் சரி. ஆயில் ஊறிய ஷூவை (டிரம்முக்குள் உரசும் பட்டை) கழுவிக் காயவைத்துப் போடுவது வீண்வேலை. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷூவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புதிது. பைப் நட்டைச் சாதா ஸ்பானரால் திருகினால் முனை மழுங்கும். முந்தைய நாளே துருநீக்கி அடித்து, பைப் நட்டுக்கென்றே இருக்கும் ஸ்பானரைப் போடுங்கள்.

இனி ஏர் எடுப்பது, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. டப்பா மூடியில் டாட் 3 என்று ஆயிலின் தர வகை இருந்தால் டாட் 3 அல்லது டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ துளி கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் போதும். என்றோ திறந்து வைத்த பாட்டில் வேண்டாம், ஈரத்தை இழுத்திருக்கும். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி வேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 போதும். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் திடீரெனத் தரை தொடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்தில் இருப்பது இடது பின்சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என வரவேண்டும். சக்கரத்தில் ஏர் வெளியேற இருக்கும் நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உள்ளே இருப்பவர் மூன்று நான்கு முறை மிதித்து அழுத்திப் பிடிக்க, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் கீழே போய்ச் சேரும் முன் மூடிவிட வேண்டும். மூடியபின்தான் காலை எடுக்கலாம். குமிழி நிற்கும்வரை இதேதான். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். காலியானால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது கட்டாயம். அடிவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர், அதுவரை போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும். "ஏர் எடுத்த பிறகுதான் மாஸ்டர் போச்சு" என்ற புகார்களில் பல இப்படி வந்தவைதான்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே ஈரமே இல்லாமல் பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயே ஆயில் தாண்டுகிறது. பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டுவது) உள்ள வண்டியில் அதுவும் மாஸ்டர் சிலிண்டரும் சேரும் இடத்தையும் தடவிப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், தரையில் சொட்டே விழாது. பெடல் கெட்டியாக நின்றால் டப்பா மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் பாருங்கள்.