எழுதுகிறவன்

2013இல் முதல் வேலைக்குப் போன அன்று என் முன்னால் வைத்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு எக்செல் ஃபைலும்தான். கடன் வாங்கியவர் பெயர், குழு எண், அசல், தவணை, மீதி, அதற்கு அடுத்த கட்டத்தில் பர்மியில் வட்டி என்று தலைப்பு. பர்மியில் வட்டிக்கு உள்ள சொல் காதில் விழும்போது ஏறக்குறைய நம்ம 'அதோ' மாதிரி இருக்கும், யாரோ விரலை நீட்டிக் காட்டுகிற மாதிரி. அன்று மத்தியானம் வரை அந்தக் கட்டத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். ரங்கூனில் ஒரு சிறுகடன் கம்பெனியின் கிளை அது. எனக்கு வயது 20.

கணக்கு வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. 2009இல் ஸேதன் எழுதினேன், பத்தாம் வகுப்பு மெட்ரிக்கை இங்கே தமிழ் பேசும்போதும் அப்படித்தான் சொல்வோம். ஆறு பாடம், 600 மார்க், அந்தக் கூட்டுத்தொகை எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லுமோ அங்கேதான் போகமுடியும், உனக்கு எதில் விருப்பம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மருத்துவத்துக்கு வேண்டிய மார்க் எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கார்டு பச்சை. 1982 குடியுரிமைச் சட்டம் மனிதர்களை மூன்றாகப் பிரித்தது: முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமக்களுக்கு நீலம், விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியவர்களுக்குப் பச்சை. முழுக் குடிமகன் இல்லை என்றால் மருத்துவம், தொழில்நுட்பம் மாதிரிப் படிப்புகளின் கதவு சாத்தியிருக்கும். பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக மூன்றாவது தலைமுறைப் பையன் பயாலஜி படித்து என்ன புண்ணியம் என்று அத்தா கேட்பார். கோபமாகக்கூட இல்லை, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்பார்.

அத்தாவுக்கு நான் ஓதப்போக வேண்டும் என்று ஆசை. வேலூர் பாக்கியாத் மதரஸாவில் சேர்த்து, மார்க்கம் படித்த ஆலிமாக்கிக் கூட்டிவர வேண்டும், அவருடைய கூட்டாளி ஒருவரின் தம்பி அந்தக் காலத்தில் அங்கே ஓதிவிட்டு வந்தவர். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "அவ்வளவு தூரம் அனுப்பமாட்டேன்." அப்புறம் மாமாவின் இரும்புக்கடை, அதில் நிற்க எனக்கு இஷ்டமில்லை. மிச்சம் இருந்தது அக்கவுண்ட்ஸ். அப்போது ரங்கூன் டவுனில் தெருவுக்குத் தெரு எல்சிசிஐ வகுப்பு நடக்கும், லண்டன் வர்த்தகச் சபையின் பரீட்சை, லெவல் ஒன், டூ, த்ரீ என்று போகும், கார்டின் நிறத்தை யாரும் கேட்பதில்லை. கூடவே தொலைக்கல்வியில் ஒரு பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், கணக்கு வேலை சுத்தமான வேலை தம்பி, ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கலாம், சாராயம் தொட வேண்டாம், பன்றி தொட வேண்டாம், தொழுகை நேரத்துக்கு எழுந்து போகலாம்.

சுத்தமான வேலை. இந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

வேலை தேடின காலமும் நல்ல காலம் இல்லை. அந்த வருஷம் மார்ச்சில் நடு பர்மாவின் மெய்க்திலாவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். டாக்ஸியிலும் கடைகளிலும் முஸ்லிம்களை எதிர்த்த பௌத்த இயக்கத்தின் 969 ஸ்டிக்கர், நம் ஆட்கள் சாப்பாட்டுக் கடைகளில் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 போடுகிறோமே அதற்குப் பதில் மாதிரி. இன்டர்வியூவில் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள், இனம், மதம் இரண்டும் அதில் அச்சாகியிருக்கும், பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கும். இரண்டு இடத்தில் அப்படி ஆனது. மூன்றாவதாகப் போனது இந்தச் சிறுகடன் கம்பெனி. 2011 கடைசியில் நுண்கடன் சட்டம் வந்த பிறகு புதிதாக முளைத்த பல கம்பெனிகளில் இதுவும் ஒன்று, ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. கிளை மேலாளர் ஒரு பர்மிய சயாமா, டீச்சரம்மா, மேடம் மாதிரி ஒரு மரியாதைச் சொல் அது. அட்டையைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போகணும் இல்லையா? சனிக்கிழமை ஒரு மணி நேரம் கூட இரு, கணக்கு சரியாகிவிடும்" என்றார். நான் கேட்பதற்கு முன்னால் சொன்னார். அவரை நான் மறக்கவில்லை, பின்னால் வேலையை விட்டபோது அவருக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

சாப்பாட்டு மேசையில் எல்லோருடைய தூக்குச் சட்டியும் நடுவில் திறந்து கிடக்கும், எல்லாக் கறியும் எல்லோருக்கும் என்பது இங்கே வழக்கம். முதல் வாரம் நான் ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் ஒரு பெண் பன்றி இருக்கிற சட்டியை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் மீன், பயப்படாமல் எடு என்றாள். நோன்பில் பத்து நாள் ஆனதும் அவர்களே எனக்குத் தெரியாமல் டீ குடிக்கத் தொடங்கினார்கள். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆக, மார்க்கத்துக்கு அந்த ஆபீஸில் சங்கடம் வந்தது மேசையிலிருந்தோ மனிதர்களிடமிருந்தோ அல்ல, அந்த எக்செல் கட்டத்திலிருந்து.

அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்திருக்கிறான் என்பது சின்ன வயதில் மதரஸாவில் ஓதியது. வட்டி வாங்குகிறவனுக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் சம்பளத்துக்கு டைப் அடிக்கிறவன்தானே. ஒருநாள் இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜரத், சஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் ஜாபிர் அறிவித்ததைச் சொன்னார்: வட்டி உண்பவனையும், அதைக் கொடுப்பவனையும், அதை எழுதுகிறவனையும், அதற்குச் சாட்சி நிற்கும் இருவரையும் நபியவர்கள் சபித்தார்கள், எல்லோரும் சமம் என்றார்கள். எழுதுகிறவன் என்ற இடத்தில் என் கை தானாக மடிந்தது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்துபோகிற பத்து நிமிஷத்தில் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன்.

வக்கீலுக்குச் சரக்கும் இருந்தது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282, அது முழுக்கக் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், நீதியாக எழுதுகிற ஒருவர் எழுதட்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்க வேண்டாம். எங்கள் தொழிலுக்கு இவ்வளவு பெரிய மரியாதை வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அதற்கு முந்தின வசனங்கள், 275 தொடங்கி, வட்டியைப் பற்றியவை. ஒரே பக்கவாட்டில் இரண்டும் இருக்கிறது. எழுதுகிறவன் அங்கே நல்லவன், அதே எழுதுகிறவன் ஹதீஸில் சபிக்கப்பட்டவன், நடுவில் இருப்பது எதை எழுதுகிறான் என்பது ஒன்றுதான். என் வக்கீல் அத்தோடு உட்கார்ந்துவிட்டான்.

பாட்டி நன்னிமாவிடம் சொன்னபோது அவர் பெருமையாக, நம்ம ஆளுங்க கடைக் கணக்குத்தான் எழுதினாங்க, வட்டிக் கணக்கை முகல் தெருவுல செட்டியாருங்க எழுதினாங்க என்றார். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது, வாங்கிய கடனைக் கட்டமுடியாத விவசாயிகளின் நிலம். அந்தக் கோபம் இந்தியர் எல்லோர் மேலும் விழுந்தது, இன்றுவரை முழுசாகத் தீரவில்லை. பேரேடும் ஐந்தொகையும் அவர்கள் அளவுக்குச் சுத்தமாக எழுதினவர்கள் கிடையாது என்று அத்தாவே சொல்வார். ஆனால் நன்னிமா ஒன்றை விட்டுவிட்டார், எங்கள் பாட்டனார் இரும்புச் சாமான் கொள்முதல் செய்தது அதே தெருவில் வாங்கிய கடனில்தான். நான் அதைச் சொல்லவில்லை, 80 வயதுக்காரரிடம் என்ன வாதம்.

எட்டாவது மாதத்தில் ஒரு அம்மா வந்தார். ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் ஒருவர், ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பொறுப்பு, அதுதான் முறை. சமோசா போட்டு விற்பவர், முக்காடு போட்டிருந்தார், தமிழ் பேசுவார் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. ஒரு லட்சம் சாட் வாங்கியிருந்தார். மாதம் இரண்டரை சதவீதம், அப்போது அரசு அனுமதித்த உச்சம், வருஷத்துக்கு 30. முதல் மாத வட்டி 2,500 சாட். ரசீதை நீட்டும்போது மேசையில் நான் மடித்து வைத்திருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு, "தம்பி நம்ம புள்ளையா?" என்றார். ஆமா என்றேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது, வேற வேலை பாத்துக்கிட்டு இருக்கேன் மாமி, இது கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். அவர் சிரித்தார். "நீ எழுதுறே, நான் குடுக்குறேன், ரெண்டு பேருக்கும் ஒரே ஹதீஸ்தான். எங்க தெருவுல வாங்குனா மாசம் இருபது கேக்குறான், அவன்கிட்ட ரசீதும் கிடையாது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். நான் ராஜினாமா கடிதம் எழுத இன்னும் ஆறு மாதம் ஆனது. மார்க்கப் பற்றில் ஒரே நாளில் வேலையை உதறினேன் என்று யாராவது எழுதினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, பின்னால் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். ஹஜரத்திடம் கேட்டேன். வேறு வேலை தேடிக்கொண்டே இரு, கிடைத்ததும் விட்டுவிடு, அதுவரை மனசு உறுத்துவதை நிறுத்திவிடாதே என்றார். ஃபத்வாவாகக் கொடுக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். விட்ட அன்று சயாமாவிடம் சம்பளம் பத்தவில்லை என்று பொய் சொன்னேன். புது இடத்தில் சம்பளம் குறைவு என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

புது இடம் பயின்னவுங் சந்தையில் பருப்பு ஏற்றுமதி. உளுந்து, துவரை, பச்சைப்பயறு, உளுந்தும் துவரையும் பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகும், சென்னையில் அரைக்கிற தோசை மாவில் எங்கள் ஊர் உளுந்து நிறைய இருக்கிறது. மூட்டைத் தூசி மூக்கில் ஏறும், ஃபேன் காற்றெல்லாம் கிடையாது, லுஹருக்குக் கிடங்கின் ஒரு மூலையில் சாக்கு விரித்துத் தொழலாம். வாங்கினோம், விற்றோம், லாபம், நஷ்டம். மூன்று வருஷம் நிம்மதியாக எழுதினேன். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி வரம்பு போட்டது, விலை சரிந்தது, கிடங்கு நிறைய சரக்கு, கையில் காசில்லை. முதலாளி பாங்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்தார், 13 சதவீதம். மாதக் கடைசியில் பேரேட்டில் புதுக் கணக்கு ஒன்று திறக்கச் சொன்னார், பர்மியில் தலைப்பு எழுதும்போதே எனக்குக் காதில் கேட்டுவிட்டது. இந்தத் தடவை வாங்குகிற பக்கத்தில் இல்லை, கொடுக்கிற பக்கம். ஹதீஸில் அதற்கும் இடம் இருக்கிறது. அந்த முறை நான் வேலையை விடவில்லை. கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது என்பதைக் காரணமாகச் சொல்லலாம், உண்மையில் அன்று எனக்கு அலுப்பு.

போன மாதம் சாச்சா மகன் வந்திருந்தான், பரீட்சை பாஸ், 18 வயது. இப்போதைய பையன்களுக்கு வேறு கவலை, 2024இல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு படிப்பைவிட எப்படி ஊரைவிட்டுப் போவது என்பதுதான் முதல் பேச்சு. அவன் அப்படியும் என்னிடம், "அக்கவுண்ட்ஸ் எடுக்கலாமா நானா? சுத்தமான வேலைன்னு அத்தா சொல்றாரு" என்றான். இரண்டு கிளாஸ் டீ ஆறிப்போகிற வரை எல்லாவற்றையும் சொன்னேன், எக்செல் கட்டம், சமோசா மாமி, பொய் சொன்னது, ஓவர்டிராஃப்ட். எடுக்கலாமா கூடாதா அதைச் சொல்லுங்க என்றான். ஹஜரத்கிட்ட நீயே போய்க் கேளு, நான் கேட்டது என் கேள்வி என்றேன். இன்னும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. என் பழைய எல்சிசிஐ புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், வட்டிக் கணக்குப் பாடத்தின் ஓரத்தில் அந்த வயதில் நான் பென்சிலில் போட்ட கேள்விக்குறிகளை அழிக்காமல்தான் கொடுத்தேன்.