களனியில் கைகசியின் கடைசிப் பிள்ளை

கொழும்புக் கோட்டையிலிருந்து வடகிழக்கே பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது களனி ரஜமகா விகாரை. புறக்கோட்டையில் 235ஆம் இலக்க பஸ் எடுக்கலாம். ரயிலில் போனால் களனி நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்க வேண்டும். நம்மவர்கள் அங்கே போவது பெரும்பாலும் விபீஷணரை நாடித்தான். சிங்கள பௌத்தர்களுக்கும் அவர் காவல் தெய்வம். அவரைப் பெற்ற கைகசியின் வீட்டுக் கதையை அறிந்து போகிறவருக்கு அந்தச் சந்நிதியில் கும்பிட இன்னும் நிறைய உண்டு.

இலங்கை முதலில் கைகசியின் தகப்பன் சுமாலிக்கும் அவன் உடன்பிறந்த மாலியவான், மாலி இருவருக்கும் உரிய நகரம். திருமாலிடம் தோற்றுப் பாதாளம் போன பிறகு அங்கே குபேரன் குடியேறினான். குபேரன் புஷ்பகத்தில் போகும் பொலிவைக் கண்ட சுமாலி, அப்படியொரு பேரப்பிள்ளை வேண்டுமென்று மகளைக் குபேரனின் தகப்பன் விசிரவசு முனிவரிடமே அனுப்பினான். அவள் போய் நின்றது அந்திப் பொழுது. முனிவர் அக்கினி வளர்த்துக்கொண்டிருந்தார். வந்த வேளை பொல்லாதது, பிள்ளைகளும் கொடியவர்களாகவே பிறப்பார்கள் என்றார். உங்களைப் போன்றவரிடம் அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் கேட்கவில்லையே என்று அவள் மன்றாடினாள். கடைசிப் பிள்ளை தர்மவானாக இருப்பான் என்று இரங்கினார். இராவணன், கும்பகர்ணன், சூர்ப்பணகை, பிறகு விபீஷணன். அந்த மன்றாட்டு இல்லையென்றால் களனியில் கும்பிட யார் இருந்திருப்பார்!

இது இராமாயணத்தின் உத்தர காண்டம் சொல்லும் உறவுமுறை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் விபீஷணனின் தாய் மாலினி; இராவணனையும் கும்பகர்ணனையும் பெற்றவள் புஷ்போத்கடை. இரண்டையும் கலந்து சொன்னால் பிள்ளைகளின் முறை குழம்பிவிடும்.

குபேரனைக் காட்டி "உன் அண்ணனைப் போல ஆகு" என்று இராவணனைத் தூண்டியவளும் கைகசிதான். அதே தாய் பிற்காலத்தில் சீதையை விட்டுவிடும்படி அவனுக்கு எடுத்துச் சொன்னாள் என்று யுத்த காண்டத்தில் சரமை என்ற அரக்கத் தோழி சீதையிடம் சொல்கிறாள். மகன் கேட்கவில்லை. பிரகஸ்தன், அகம்பனன், தூம்ராட்சன் மூவரும் சுமாலியின் பிள்ளைகள், விபீஷணருக்குத் தாய்மாமன்மார். அவர்களும் போரில் மாண்டார்கள். தாய்வீட்டையும் பெற்ற மக்களையும் ஒரே போரில் பறிகொடுத்தவளுக்கு மிஞ்சிய மகன் இவர்.

விகாரைக்கு வெள்ளை உடை நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பும் தொப்பியும் வெளியிலேயே. நெற்குவியல் வடிவிலான தூபியையும் புத்தர் மண்டபத்தையும் வணங்கிவிட்டு விபீஷணர் சந்நிதிக்குப் போவதே அங்குள்ள ஒழுங்கு. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது; மன வருத்தம் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. பூசைத் தட்டில் பழம், தேங்காய், வெற்றிலை, பூ, ஊதுபத்தி இருந்தால் போதும். நம் கோயில் பழக்கத்தில் நட்சத்திரம், இராசி சொல்லி அர்ச்சனைக்குக் காத்திருப்பவர்கள் தடுமாறுவதுண்டு. பூசை செய்யும் கப்புறாளை சிங்களத்தில்தான் மன்றாடுவார். பெயர், ஊர், வேண்டுதல் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். சிங்களம் வராதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. இப்படியான தெய்வச் சந்நிதிகளில் புதனும் சனியும் விசேஷம். போயா எனும் பௌர்ணமி தினங்களிலும் தை மாதத்தை ஒட்டி வரும் துருத்துப் பெரஹெரா ஊர்வல நாட்களிலும் சன நெரிசல் இருக்கும். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போவதானால் சாதாரண நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

பிள்ளை வரம் கேட்டு வருவோர் இங்கே நிற்பதற்குப் பழைய முன்மாதிரியும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் மகள் உலகுடைய தேவிக்கு ஆண் மகவு வேண்டும் என்று, நாகணவாய்ப் பறவையை இந்தக் களனி விபீஷணரிடம் தூது விடுகிறது சலலிஹினி சந்தேசம் என்ற சிங்களக் காவியம். தன் தாயின் மன்றாட்டால் பிறந்தவரிடமே இன்னொரு தாய்க்காக மன்றாடியிருக்கிறார்கள்.