எபிரெயர் 6: தவக்கால வாசிப்புக் குறிப்புகள்

2025 மார்ச் 5, சாம்பல் புதன்

இந்தத் தவக்காலத்துக்கு ஒரே பகுதி: எபிரெயர் 6:4-6. பரம ஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும், பின்பு மறுதலித்துப் போனவர்களை மனந்திரும்பும்படி மறுபடியும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது அது. பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற பேச்சு எழுந்தால் ஒருவர், தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறிப்பதில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 10:28-ஐத் திறப்பார், எதிரே இருப்பவர் இதைத் திறப்பார். இரண்டையும் யாரும் முழுதாக வாசிப்பதில்லை.

‘எங்கள் சபைப் போதனை’ என்று சொல்லியும் தப்ப முடியாது. சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த லுத்தரன் மரபின் அடிப்படை, 1530-ம் ஆண்டு அவுக்ஸ்பர்க் அறிக்கை. நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே மாட்டார் என்ற போதனையை அதன் 12-ம் பிரிவு மறுக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையோ 1947 செப்டம்பர் 27 அன்று, விசுவாசி முடிவுவரை காக்கப்படுவான் என்ற பிரஸ்பிட்டேரியன் மரபையும், விழுந்துபோகக் கூடும் என்ற வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது.

மார்ச் 8

“ருசிதான் பார்த்தார்கள், சாப்பிடவில்லை, அவர்கள் இரட்சிக்கப்பட்டவர்களே அல்ல” என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். இது நிற்காது. இதே நிருபத்தில் 2:9, இயேசு மரணத்தை ‘ருசிபார்த்தார்’ என்கிறது. கிரேக்கத்திலும் அதே வினைச்சொல். அவர் மரணத்தை நுனிநாக்கிலா தொட்டார்?

இன்னொன்று, “விழுந்துபோனால்” என்று இதை வெறும் கற்பனை நிலையாக்குவது. மூலத்தில் ‘ஆல்’ இல்லை. தமிழ் வேதாகமமும் “போனவர்கள்” என்றே சரியாகச் சொல்கிறது. எச்சரிக்கையின் கூர்மையை மழுக்க நமக்கு உரிமையில்லை.

மார்ச் 12

தமிழ் வாசகர் இடறும் இடம் வேறு. 6:6-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு “மறுதலித்துப் போனவர்கள்” என்கிறது. பேதுரு சேவல் கூவுமுன் மூன்று தரம் செய்ததும் ‘மறுதலித்தல்’தான். ஒரே சொல்லாக இருப்பதால், பயத்தில் ஒருமுறை வாய் தவறியவரும் தன்னை 6:6-ல் தேடிக்கொள்கிறார். மூலத்தில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள்: பேதுருவுடையது ‘இல்லை என்று சொல்வது’, இங்கே உள்ளது ‘வழிவிலகி விழுந்துபோவது’. பேதுருவுக்காக ஆண்டவர் வேண்டிக்கொண்டது லூக்கா 22:32-ல் இருக்கிறது: அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு. அவன் வாய் மறுதலித்தது, விசுவாசம் ஒழியவில்லை.

போதகர்கள் பிரசங்கத்தில் இந்த ஒரு வேறுபாட்டையாவது சொல்லிவிட வேண்டும். எத்தனையோ பேர் இராத்திரி தூக்கமில்லாமல் கிடப்பது இதனால்தான்.

மார்ச் 19

வரலாற்றில் இந்தப் பகுதி நெருப்பாகச் சுட்டது கி.பி. 250-ல். தேவர்களுக்குப் பலியிட்டதாக எல்லாரும் அதிகாரிகள் முன் நிரூபிக்க வேண்டும் என்று ரோமப் பேரரசர் டேசியஸ் ஆணையிட்டார். அப்போது கொடுக்கப்பட்ட சான்றுச் சீட்டுகள் எகிப்தின் மணலில் பப்பிரஸ் தாளிலேயே கிடைத்துள்ளன. வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: பானபலி ஊற்றினேன், பலியிட்டேன், பலிப்பொருளை ருசிபார்த்தேன். 6:4-ல் உள்ள அதே கிரேக்க வினைச்சொல். பரம ஈவை ருசித்த நாவு இதையும் ருசித்தது.

பயந்து இணங்கிவிட்டு, பின்பு சபைக்குத் திரும்பி வந்தவர்களை என்ன செய்வது? சபை சேர்க்கக் கூடாது என்றார் ரோம் சபையின் மூப்பர் நோவேஷியன். 251-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் அதன் ஆயர் சிப்ரியானும் மற்ற ஆயர்களும் தரம் பிரித்தார்கள்: பலியிடாமல் சீட்டை மட்டும் வாங்கியவரைத் தனித்தனியே விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர் தவம் செய்து காத்திருக்க வேண்டும், மரணப்படுக்கையில் ஒப்புரவு உண்டு. 325-ல் கூடிய நிசேயா திருச்சங்கத்தின் 8-ம் விதி, நோவேஷியன் குழுவிலிருந்து வரும் குருமார், விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியமாயிருப்போம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. ஆக, திரும்பி வர மனதுள்ளவனுக்குக் கதவை அடைக்க இந்த வசனத்தை எடுக்கக் கூடாது.

மார்ச் 27

1610-ல் ஹாலந்தில் இறையியலாளர் ஆர்மீனியஸைப் பின்பற்றிய அணியார் தங்கள் அறிக்கையின் ஐந்தாவது பிரிவில், விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 1618-19-ல் கூடிய சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கம், முடியாது என்று தீர்த்தது. ஆனால் அதே தீர்மானத்தின் ஐந்தாம் தலைப்பு, 14-ம் பத்தி: தேவன் தம்மவர்களைக் காப்பது வசனத்தின் வாக்குத்தத்தங்களால் மட்டுமல்ல, அதன் பயமுறுத்தல்களாலும்கூட. “ஒருதரம் இரட்சிக்கப்பட்டால் போதும், எப்படியும் வாழலாம்” என்பவர்கள் இந்தப் பத்தியை வாசிப்பதே இல்லை.

ஏப்ரல் 2

பயந்து வருகிறவருக்கு 6-ம் வசனத்தோடு புத்தகத்தை மூடாதீர்கள். 9 வரை வாசித்துக் காட்டுங்கள். அங்கே “பிரியமானவர்களே” என்று குரல் மாறுகிறது. பயமே இல்லாதவருக்கு, சத்தியத்தை அறிந்தபின் மனப்பூர்வமாய்ப் பாவம் செய்கிறவர்களை எச்சரிக்கும் 10:26-ஐ வாசியுங்கள். இரண்டு பேருக்கும் வசனத்தை மாற்றிக் கொடுத்தால் ஒருவர் நொறுங்குவார், மற்றவர் உறங்குவார்.

அதன்பின் அப்போஸ்தலர் 27. புயலில் சிக்கிய கப்பலில், ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று பவுல் முன்னமே சொல்லியாயிற்று. கப்பலில் 276 பேர். ஆனாலும் கப்பலாட்கள் தப்பியோட எண்ணி, நங்கூரம் போடுகிற பாவனையில் படவை இறக்கியபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல் சேவகரிடம் சொன்னார். வாக்கு இருக்கிறதே என்று சேவகர் சும்மா நிற்கவில்லை. படவின் கயிறுகளை அறுத்து விட்டார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், மற்றவர் பலகைகளைப் பிடித்தும், 276 பேரும் கரைசேர்ந்தார்கள்.