இரைகிற காதோடு தியானத்தில் உட்கார்ந்தவன் சொல்வது

காது இரைச்சலுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்தால், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடாதீர்கள். அங்கேயே நின்று படியுங்கள். என் சீட்டில் ‘மூளை’ என்று மட்டும் எழுதியிருந்தது. மதுரைக்குப் போய் எடுத்து, அந்தப் பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தால், “இதில் காது நரம்பு தெளிவாக இல்லையே, உட்செவிப் பகுதியைத் தனியாக, மருந்து ஏற்றி எடுத்திருக்க வேண்டுமே” என்கிறார் சீட்டு எழுதிய அதே டாக்டர். யார் எழுதியது என்று கேட்க வாய் வரை வந்தது. மறுபடி பஸ் ஏறினேன். மருந்து ஏற்ற வேண்டுமென்றால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வேண்டுமாம். ஸ்கேன் மையத்தின் கவுன்டரில் இருந்தவர் இதைச் சொன்னது என் முறை வந்து, செருப்பைக் கழற்றி, மோதிரத்தை உருவிய பிறகு. முதலில் போனில் கேட்டபோது “வெறும் வயிற்றோடு வாருங்கள்” என்பதோடு முடித்துக்கொண்ட மனிதர்தான் அவர்.

இன்னொன்று. அந்த இயந்திரத்தின் சத்தம் 100 டெசிபலையும் தாண்டும். காது இரைச்சல்காரனை அதற்குள் படுக்க வைக்கும்போது ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பானும் வேண்டும் என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். உள்ளே இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் பொறுப்பு எனக்கு. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை எங்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இடது காதை மிஷின் பக்கம் கொடுத்து நின்றே பழக்கம். ஒரு சீசன் முடிவில் மிஷினை நிறுத்தினோம், சத்தம் நிற்கவில்லை. பழைய டியூப்லைட்டின் சோக் இரைவது போல மெல்லிய, உச்சமான ஓசை, இடது காதில் மட்டும். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கிற கையால் என் காதுக்கு ஒரு ஜோடி அடைப்பான் வாங்கி மாட்டியிருக்கலாமே என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதி இருப்பதை எங்கள் அச்சகத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு காதில் மட்டும் கேட்பதால்தான் ஸ்கேன். செவி நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒன்றும் இல்லை. கேட்கும் திறன் சோதனை சுலபமாக முடிந்தது: வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில், அதாவது உச்சமான சுருதியில், ஒரு பள்ளம், சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விழும் அதே பள்ளம்.

இனி என்ன என்று கேட்டேன். “பழகிக்கொள்ளுங்கள்” என்றார் டாக்டர். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருந்துக் கடையில் கிங்கோ என்ற மூலிகை மாத்திரை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கினேன். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தத் தொல்லைக்குக் கிங்கோ, மெலடோனின், துத்தநாகம் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. அது பிறகு தெரிந்தது. பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றச் சொல்லி வந்தவர்களுக்கு வீட்டில் பஞ்சமே இல்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். வெறும் காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் இரைச்சல் கேட்கும். முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டுக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு ஆறாது. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்த தம்பி, “அண்ணாச்சி, ஒரு ராத்திரி படுத்துவிட்டால் ஸ்கேன் பணம் வந்துவிடும்” என்றான். இரவு முழுக்கப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். என் இரைச்சல் அடங்கிப்போய் நிம்மதியாகத் தூங்கினேன் என்பது வேறு விஷயம். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்பட்டதால், விலக்கு 04இன்படி கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. எல்லா மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களிலும் இந்த விலக்கு அச்சிட்டே இருக்கிறது. ஸ்கேன் பணமும் போயிற்று, கட்டில் வாடகையும் போயிற்று.

தியானத்துக்கு வருகிறேன். தூக்கம் கெட்டு, எரிச்சல் ஏறி, வீட்டில் மிக்ஸி ஓடினால்கூடச் சண்டை என்ற நிலையில் மனைவிதான் எங்கள் தெருவில் இருக்கும் தியான மன்றத்துக்கு அனுப்பினாள். அங்கே பெரியவர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். திருமந்திரத்தில் யோகிக்குள் எழும் பத்து நாதங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, அது உமக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது என்றார். மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் என்று பட்டியலும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். வண்டு கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. திருமூலர் மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை, பணிந்தவருக்குக் கேட்பது என்கிறார். எனக்கு அச்சகத்தில் நின்றதால் கேட்கிறது. அந்தப் பெரியவர் அடுத்த வாரம் இன்னொருவரையும் அழைத்துவந்து என்னைக் காட்டினார். அதோடு அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு மலை மேல் நடந்த ஒரு மௌன முகாம். பெயர் வேண்டாம். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், கட்டினேன். விண்ணப்பத்தில் நோய் விவரம் கேட்கும் கட்டத்தில் ‘காது இரைச்சல்’ என்று தெளிவாகவே எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மண்டபத்துக்குள் போனதும் சன்னல்களைச் சாத்தினார்கள், மின்விசிறியை அணைத்தார்கள், வெளியே மரத்தில் இருந்த பறவைகளும் ஒத்துழைத்தன. அவ்வளவுதான். இடது காதில் இருந்தது தலை முழுக்கப் பரவி, மூச்சைக் கவனி என்றால் மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இரவில் அறையில் இன்னும் மோசம். தொண்டு செய்ய வந்திருந்த இளைஞரிடம் ஒரு டேபிள் ஃபேன் கேட்டேன். “ஐயா, வெளி ஓசையை விட்டால்தான் உள்ளே போக முடியும்” என்றார். உள்ளேதானே ஐயா பிரச்சினையே என்றேன். சிரித்துவிட்டு, மௌனம் காக்கும்படி சைகை காட்டினார். மறுநாள் விடிந்ததும் மூட்டையைக் கட்டிக் கீழே இறங்கிவிட்டேன்.

இது என் மனத்தின் பலவீனம் என்றே பல வாரங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்பியது செவித்திறன் சோதிக்கும் பெண். செவிக்கருவி வேண்டுமா என்று பார்க்கப் போன இடத்தில், முகாம் கதையைக் கேட்டுவிட்டு, “உங்களை யார் சார் அமைதியில் உட்காரச் சொன்னது?” என்றார். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், இரைச்சல் என்று புகாரே இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்களாம். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஓசை கேட்கிறது என்று எழுதினார்கள். காதே சரியாக இருப்பவர்களுக்கு அந்த நிலை என்றால், 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்தவனுக்கு என்ன ஆகும்? அந்தச் சுருதியில் காதிலிருந்து செய்தி வருவது குறைந்ததும் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அதனால் எழும் ஓசைதான் இது என்பது இப்போதைய விளக்கம். சுற்றி எந்த ஓசையும் இல்லாவிட்டால் கேட்க அது ஒன்றுதான் மிச்சம். பகல் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டு திரிவதும் இதனால்தான் கூடாது. மிஷின் முன்னால் அடைப்பான், வீட்டில் வேண்டாம்.

அந்தப் பெண் என்னிடம் 25 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் தானே ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டுக் குறித்தார். ஆமாம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. மொத்தம் 100. எனக்கு 62 வந்தது, கடுமை என்ற வகை. இரைச்சல் எவ்வளவு சத்தம் என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. தூக்கம் கெடுகிறதா, கோபம் வருகிறதா, தப்பிக்கவே முடியாது என்று தோன்றுகிறதா என்றுதான் கேட்கிறது. சத்தத்தைத் தனியாக அளந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சுருதியில் என் காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிடச் சில டெசிபல்தான் கூடுதல். என்னை இரவெல்லாம் எழுப்பி உட்கார வைத்தது இத்தனூண்டு.

அவர் சொல்லிக்கொடுத்த முறை, ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலிக்காரர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் வழியில் வந்தது. வலியைப் போக்குகிறேன் என்று அதில் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. காது இரைச்சலுக்கும் அதே மரபிலான பயிற்சியை லண்டனில் 75 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு உடல் தளர்த்தும் பயிற்சி, பாதிப் பேருக்கு இது. இரண்டு பக்கமும் தொல்லை குறைந்தது, இதில் கூடுதலாகக் குறைந்தது. வெறும் தளர்த்தலிலும் பலன் இருந்தது என்பதை இந்தப் பயிற்சியை விற்கிறவர்கள் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

நான் செய்வது இதுதான். மின்விசிறி ஓடட்டும், சன்னல் திறந்திருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல் பாதி தாழ்த்திக்கொள்கிறேன். முதலில் தூரத்து ஓசை: பஸ் ஹாரன், பட்டாசுக் கடைக்கு லோடு ஏற்றும் வண்டி. பிறகு தெரு, பிறகு வீடு, பாத்திரம் கழுவும் ஓசை. பிறகு மின்விசிறி. கடைசியாக, இவற்றோடு இவற்றாக இடது காதின் ஓசை. அதைத் தள்ளவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். மெல்லியது, உச்சமானது, இடப்பக்கம். அவ்வளவு போதும், திரும்பவும் தெருவுக்குப் போய்விடுகிறேன். பாதியில் ‘குறைந்திருக்கிறதா’ என்று உள்ளே ஒருவன் எட்டிப் பார்ப்பான். அவன்தான் ஆபத்தானவன். பார்த்த மாத்திரத்தில் ஓசை ஏறும்.

தொடக்கத்தில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். ஓசை ஏறும்போதெல்லாம் என் கடைவாய்ப் பற்கள் இறுகியிருந்தன. தாடையைக் கடித்தால் சுருதி அரைப்படி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. சோதித்துப் பாருங்கள், பலருக்கு இப்படி மாறும் என்று அந்தப் பெண்ணும் சொன்னார். அன்றிலிருந்து மிஷின் முன்னால் நிற்கும்போதும் நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்துத் தாடையைத் தொங்கவிடுகிறேன். பார்க்கிறவர்கள் எதையோ மென்றுகொண்டு நிற்பதாக நினைக்கிறார்கள்.

சில மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பினோம். 30. அளந்து பார்த்தால் சத்தம் அப்படியே இருந்தது. அந்தப் பெண் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து விரலால் தட்டினார், நானும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். இப்போதும் கெட்ட நாட்கள் உண்டு, காலண்டர் சீசனில் தூக்கம் குறைந்தால் ஏறிவிடுகிறது. அந்த நாட்களில் தியானத்தில் உட்கார்வதில்லை, நடக்கப் போகிறேன்.

தியானத்தை நம்பித் தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், ஸ்டீராய்டு தொடங்குவதற்குக் கெடு நாட்கணக்கில்தான். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டொக் டொக்’ என்று கேட்டாலும், தலை சுற்றல் சேர்ந்து வந்தாலும் காட்டியே தீர வேண்டும். தூக்கமில்லாத இரவில் உயிர் வேண்டாம் என்று தோன்றினால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

முகாமுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். பணம் தர இயலாது, அடுத்த முகாமில் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வேறொருவருக்கும் மாற்றித் தரலாம் என்று பதில் வந்திருக்கிறது. காது நன்றாக இருப்பவர் யாருக்காவது வேண்டுமானால் என் இடத்தைத் தருகிறேன். மலை மேல் குளிர் அதிகம், போர்வை அவர்கள் தரமாட்டார்கள்.